வீட்டைப் பூட்டாத பதினொரு வாரங்கள்

கொண்டாப்பூர்,
14-9-2010

அன்பு மகள் ஆனிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் நல்ல சுகம், என் முழங்கால் ஒன்றைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். முதலில் நீ போனில் அழுது கேட்டதற்குப் பதில். நானும் உன் அப்பாவும் பிரியவில்லை. முப்பத்தாறு வருஷம் அந்த மனிதரின் குறட்டையைச் சகித்தவள், அவர் ரிட்டயராகி வீட்டில் காய் நறுக்கிக் கொடுக்கிற காலத்திலா விட்டுவிட்டுப் போவேன்? நான் உனக்கு அனுப்பிய ஊறுகாய்ப் பார்சல் இன்னும் மெல்போர்ன் வந்து சேரவில்லை, சபையில் கிளம்பிய பேச்சு அதற்குள் வந்துவிட்டது பார். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவார், அதனால்தான் கடிதம்.

ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள் காய் வாங்கிக்கொண்டு வந்தால் நம் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. போலியோ சொட்டு மருந்துக்காரர்கள் ஒட்டியது என்று நினைத்து நான் பாட்டுக்கு உள்ளே போய்விட்டேன். அப்பா கண்ணாடியை மாட்டிப் படித்துவிட்டு அப்படியே செருப்பு ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். நம் வீட்டுக்காரத் தம்பி, நாம் குடிவந்த மறு வருஷம் இதே வீட்டை பேங்கில் அடமானம் வைத்துக் கடன் வாங்கிக் கம்பெனி ஆரம்பித்தானாம், அது மூடிப் போய் ஆளும் ஊரில் இல்லை. அறுபது நாளில் பணம் கட்டாவிட்டால் வீடு பேங்குக்கு என்று எழுதியிருந்தது. மாதா மாதம் ஒழுங்காக வாடகை கொடுத்த நாம் என்ன பாவம் செய்தோம்? எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை ஆனி, அக்டோபரில் தலைப்பிரசவத்துக்கு வந்து இறங்குகிற பெண்ணை எந்த வீட்டுக்கு அழைத்துப் போவேன் என்ற ஒரே நினைப்புதான். மாசமாக இருப்பவளிடம் இதைச் சொல்லக் கூடாது என்று உன்னிடம் மறைத்தேன், அதற்கு மன்னித்துக்கொள்.

மேல்மாடி வக்கீல் பத்மநாபன் சாரிடம் ஓடினோம். உனக்கு ஆபீஸ் பக்கம் என்று இந்த வீட்டை எடுத்தபோது, ஊரெல்லாம் பதினொரு மாத அக்ரிமெண்ட் போடுகிறார்கள், நீங்கள் மட்டும் வாடகை வீட்டுக்கு ஐந்து வருஷத்துக்கு ரெஜிஸ்டர் செய்வதா என்று ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நின்று அப்பாவோடு நான் சண்டை போட்டது உனக்கு நினைவிருக்கும். காஞ்சன்பாக் ஃபேக்டரி ஸ்டோர்ஸில் ஒரு ஸ்க்ரூ வெளியே போனாலும் மூன்று காப்பி எழுதிய கை அவருடையது, கேட்குமா? அந்தக் காகிதம்தான் காப்பாற்றியது. ரெஜிஸ்டர் ஆனது, கடனுக்கு முந்தியது, அதனால் பேங்க் வந்தாலும் 2012 ஆகஸ்ட் வரை உங்களைக் கிளப்ப முடியாது என்றார் வக்கீல். பேங்குக்கு ஒரு காப்பியும் அனுப்பினார். ஆனால் பதில் வரும் வரை வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகாதீர்கள், ஆள் இல்லாத வீடு என்று சீல் வைத்துவிட்டால் மறுபடி உள்ளே வர கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்று ஒரு குண்டையும் போட்டார்.

அன்றிலிருந்து உன் அப்பா ஃப்ரிட்ஜ் கதவில் ஷிஃப்ட் சார்ட் ஒட்டிவிட்டார். நான் வெளியே போனால் அவர் உள்ளே, அவர் போனால் நான். ஒரு ஞாயிறு அவர் சிக்கந்தராபாத் போய் ஆராதனை முடித்து வருவார், அடுத்த ஞாயிறு நான். சபையில் மட்டும் சொல்ல நக்கோ, வேணாம் ஆக்னஸ், கொர்னேலியஸ் கடன வாங்கிட்டுக் கட்டாம ஜப்தி வந்துருச்சும்பாங்க என்றார். மானம் போகக் கூடாது என்று வாயை மூடினோம், வேறு மானம் போயிற்று.

அவர் எப்படிப் பாடுவார் என்று உனக்குத் தெரியும். தனியாகப் போன முதல் வாரம் ராகம் தப்பாமல் பாடலாம் என்று சந்தோஷப்பட்டேன். மூன்றாவது முறை பாட்டில் பாதியில் நின்றுவிட்டேன். அவர் தப்புகிற இடம் வந்தால் நான் சத்தத்தைக் கூட்டி மறைப்பது பழக்கம், பக்கத்தில் மறைக்க ஒருவரும் இல்லை. அழுகை வந்துவிட்டது. பெண்கள் சங்கத் தலைவி தங்கம் அக்கா பார்த்துவிட்டார். அவர் பார்த்தால் நோட்டீஸ் போர்டு எதற்கு?

போன புதன்கிழமை போதகர் ஐயாவும் சங்கத்துப் பெண்கள் ஒன்பது பேரும் எங்களைச் சேர்த்து வைக்க வந்துவிட்டார்கள். விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தால் தங்கம் அக்கா என் தலையை அழுத்தி முதல்ல ஜெபம் என்றார். எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது வாசலில் பேங்க் அதிகாரி, இரண்டு ஆட்கள், கையில் பெரிய பூட்டு. ஃபைலைப் பார்த்ததும் தங்கம் அக்கா அவரை விவாகரத்துக்கு வந்த கோர்ட்டுக்காரர் என்று நினைத்து, சார் ஜல்தி மத் கரோ, அவசரப்படாதீங்க, பொண்ணுக்குப் பிரசவம் வருது, இவங்களுக்கு ஒரு சான்ஸ் குடுங்க என்று கும்பிட்டார். அந்த மனிதர் திருதிருவென்று விழித்தார். அப்பா உள்ளே போய் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து முத்திரையையும் தேதியையும் காட்டினார். அதிகாரி இரண்டு தரம் படித்து, மேலிடத்துக்குப் போன் செய்து, இனி வாடகையை எங்களிடம் கட்டுங்கள், காலம் முடியும் வரை நீங்கள் இருக்கலாம் என்றார். வெறும் வாயால சொல்றீங்க, எழுதிக் குடுங்க என்று அப்பா விடவில்லை. சாட்சிக் கையெழுத்து தங்கம் அக்கா. பூட்டுக் கொண்டு வந்தவர்களுக்கும் வடை கொடுத்துத்தான் அனுப்பினேன்.

முந்தாநாள் ஞாயிறு, பதினொரு வாரத்துக்குப் பிறகு இரண்டு பேரும் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். பூட்டை நான் மூன்று முறை இழுத்துப் பார்த்தேன், அப்பா நான்கு. கோவிலில் பக்கத்தில் நின்று வழக்கமான இடத்தில் தப்பாகப் பாடினார். நான் சத்தத்தைக் கூட்டவில்லை, கேட்டுக்கொண்டு நின்றேன்.

இரும்பு மாத்திரையை விடாதே, கனமான எதையும் தூக்காதே, ப்ளேனில் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சர்டிஃபிகேட்டை மறக்காமல் கைப்பையில் வை, அப்பாவுக்காக அதிலும் மூன்று காப்பி எடு. கர்த்தர் உன்னையும் குட்டியையும் கண்மணி போல் காப்பாராக.

என்றும் உன்,
அம்மா ஆக்னஸ்

மறந்துவிட்டேன், ஃப்ரிட்ஜில் இருந்த சார்ட்டைக் கிழிக்கப் போனேன், அப்பா விடவில்லை. பழைய பெயர்களை அடித்துவிட்டு டிசம்பருக்குப் புதிதாக எழுதியிருக்கிறார். பகலில் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பது ஆக்னஸ், ராத்திரி முழுவதும் கொர்னேலியஸ். ஆனிக்கு நேரே ஒரே ஒரு வார்த்தை: தூக்கம்.