நாலு மூலையும் கூடும் இடம்

ஜூன் 3
மகாராணிக்கு இன்றும் வயிற்றுவலி. அக்கா மகளை நான் அப்படித்தான் கூப்பிடுவது. கணக்கு வகுப்பு இருக்கிற நாளில் மட்டும் வருகிற வலி. "உன் வயிறு டைம்டேபிள் பாத்துதான் வலிக்குமாடி?" என்றேன். வழக்கமாகச் சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை.
"நான் மக்கு மாமா. டீச்சரே சொல்லிட்டாங்க."
மாதக் கடைசிப் பரீட்சையில் தேறாவிட்டால் கீழ் வகுப்புக்கு அனுப்பிவிடுவார்களாம். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அஞ்சாம் வகுப்போடு ஓடிவந்த நான் என்னத்தைச் சொல்ல?

ஜூன் 5
வேலையில் மானம் போச்சு. குளியலறைத் தரைக்கு டைல்ஸ் வெட்டும்போது, அளவுக்கு வைக்கிற கட்டை தளர்ந்திருந்ததைப் பார்க்கவில்லை. கதையளந்துகொண்டே வெட்டியதில் ஒரு பெட்டி முழுக்க ஒரே மாதிரிக் கோணல். நாலு பக்கமும் நாலு நீளம். ஒரு மூலை போல இன்னொரு மூலை இல்லை.
"வாய் மட்டும் நேராத்தான் போகுது உனக்கு" என்றார் மேஸ்திரி.
வீட்டுக்குத் தூக்கிவந்து மாடிப்படிக்கு அடியில் போட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு
கணக்கு நோட்டைத் திறக்கச் சொன்னால், மகாராணி அந்தக் கோணல் டைல்ஸை எடுத்து விளையாடப் போய்விட்டாள். "சந்து விழாம அடுக்கிக் காட்டு, என் மீசையை எடுத்துடறேன்" என்று சீண்டினேன். தரை போட்டே தலை நரைத்தவன் என்கிற தைரியம்.
சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன் — கூடத்தில் பாதித் தரை மூடியிருக்கிறது. நகம் நுழையச் சந்து இல்லை! ஒன்றை நேராக, அடுத்ததைத் தலைகீழாகச் சுற்றி, ஒத்த பக்கத்தோடு ஒத்த பக்கம்.
"எப்படிடி?"
"தெரியல மாமா. வச்சேன், உக்காந்துக்கிச்சு."
முழங்காலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருஷமாக இதையா குப்பையில் கொட்டினேன்?

ஜூன் 9
மீசை போச்சு. அக்கா கதவைத் திறந்து, "யாருங்க, யாரைப் பாக்கணும்?" என்றாள்.

ஜூன் 11
ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று விட மனசில்லை. அட்டையில் படுமோசமான ஒரு நாலு மூலைக்காரனை வரைந்தேன். ஒரு மூலை ஊசி, ஒரு மூலை உள்ளே குழிந்து — பார்க்கவே சகிக்காது. அதே அளவில் ஒரு கட்டு வெட்டிக் கொடுத்தேன். அதுவும் மூடிற்று!
அப்புறம் அவளாகவே கலர் பென்சில் எடுத்து, எல்லா அட்டையிலும் மூலைக்கு ஒரு நிறம் தீட்டி மறுபடி அடுக்கினாள். திடீரென்று ஒரு கத்தல். "மாமா! எங்க கூடினாலும் நாலு கலரும் இருக்கு பாரு!"
பார்த்தேன். எந்தப் புள்ளியிலும் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். ஒன்று விடவில்லை, ஒன்று இரண்டு தடவை வரவில்லை. எவ்வளவு கோணல் பிறவியானாலும் அதன் நாலு மூலையும் சேர்ந்தால் ஒரு முழுச் சுற்று. யார் வைத்தது இதை? உடம்பெல்லாம் புல்லரித்துப் போச்சு.
"அஞ்சு மூலை வச்சா?" என்றாள். பக்கமெல்லாம் சமம், மூலையெல்லாம் சமம் என்று வெட்டினோம். என்ன செய்தும் சந்து விழுந்தது.
"ஏன் மாமா?"
"சத்தியமா தெரியாது."
"டீச்சரைக் கேக்கலாம்."
"உன்னை மக்குன்னாங்களே, அவங்களையா?" — என் வாயிலே மண்ணைப் போட. கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா?" என்றாள்.

ஜூன் 13
போனோம். டீச்சர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எங்களோடு தரையில் உட்கார்ந்தார். அஞ்சு மூலைக்காரன் மூன்று பேர் கூடினால் சுற்று நிறையாது, நாலு பேருக்கு இடம் பத்தாது என்று அவளையே வைத்துப் பார்க்கச் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு வாய் மூடவில்லை.
கிளம்பும்போது அவள் தலையைத் தொட்டு, "அன்னிக்கு அப்படிச் சொன்னது என் தப்பும்மா" என்றார். "ஆனா பரீட்சை பரீட்சைதான், சரியா?"
தலையாட்டினாள். நான்தான் வழியெல்லாம் பரீட்சைக்கு எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 30
மயிரிழையில் தேறிவிட்டாள். அக்கா அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. மகாராணி மார்க்கைப் பார்க்கவே இல்லை. தப்பாய்ப்போன ஒரு கணக்கை விரித்து வைத்துக்கொண்டு தரையில் குப்புறக் கிடக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டோம்.
"இருங்க" என்கிறாள், "எங்க தப்புன்னு இப்போ வந்துடும்."