மூன்றாவது பெயர்

இன்று காலை, புத்தாண்டுத் திருப்பலியின் நடுவில், நீங்கள் எழுதிக் கொடுத்த காலண்டர் தாளை முதல்முறையாகப் பிரித்துப் படித்தேன், சார். பத்து வருடமாக அது என் ஜெபப் புத்தகத்தில் பக்க அடையாளமாகத்தான் கிடந்தது.

காட்டூரிலிருந்து ஒரே பஸ்ஸில் ஆபீஸ் போனவர்கள் நாம். நான் கத்தோலிக்கன், நீங்கள் ஆங்கிலிக்கன் வழி வந்த சபை. ஆயர்கள் கூடி விசுவாசத்தை வரையறுத்த திருச்சபையின் பொதுச் சங்கங்கள் எங்களுக்கு இருபத்தொன்று, உங்களுக்கு வெறும் நாலா என்று உங்களைச் சீண்டாமல் எனக்கு பஸ் அரியமங்கலம் தாண்டாது. முதல் நான்கில் உங்கள் ஆட்களுக்குள் சண்டையே இல்லை, சிலர் ஏழு வரைக்கும் போவார்கள் என்பீர்கள். சங்கமும் தவறலாம், வேதத்தோடு ஒத்துப்போனால்தான் மதிப்பு என்றும் சொல்வீர்கள். எனக்கு எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். எந்தச் சங்கம் என்ன சொன்னது என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

உங்கள் மகனுக்கு என் மகளைக் கேட்டு வந்தீர்கள். அவளுக்கும் சம்மதம். நான்தான் குதித்தேன்.

"மாதாவைக் கடவுளோட தாய்னு ஒத்துக்காத வீட்டுக்கு என் பொண்ணை அனுப்ப மாட்டேன்."

நீங்கள் கோபப்படவில்லை. எங்கள் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதி நீட்டினீர்கள். "நாங்க ஏத்துக்கிட்ட நாலும் இதுல இருக்கு. மூணாவதை மட்டும் படிச்சுப் பாருங்க, சார்."

மறுநாள் முதல் நான் முந்தின பஸ்ஸில் போனேன். போன வருடம் உங்கள் அடக்கத்துக்கு வந்து மண் போட்டபோதுகூட, உங்களை மன்னித்துவிட்டதாக ஒரு பெருந்தன்மை எனக்கு.

இன்று பிரசங்கத்தில் சாமியார் சொன்னார், மரியாள் கடவுளின் தாய் என்று அறிவித்தது எபேசு சங்கம், அது மூன்றாவது பொதுச் சங்கம் என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாளைப் பிரித்தேன். நைசேயா, கான்ஸ்டாண்டிநோபிள், எபேசு, கால்செதோன். எபேசுக்குக் கீழே இரண்டு கோடு. எதை நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்று துரத்தினேனோ, அதை நீங்கள் கையெழுத்திலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

நேராக ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன். மகள் அங்கே டீச்சராக இருக்கிறாள், தனியாகத்தான். தாளை அவள் முன்னால் வைத்தேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"எனக்கு அப்பவே தெரியும்பா. அங்கிள்தான் சொல்லாதேன்னாரு. உங்கப்பா தானா படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும், நாம சொன்னா தோத்த மாதிரி நினைப்பாருன்னாரு."

நான் படிப்பேன் என்று நீங்கள் எத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்று கேட்டேன்.

"கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. படிச்சாராம்மான்னு."

தாள் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. படித்துவிட்டேன், சார்.