தீ படாத இலை

வியாழன், இரவு. மழை விட்டிருக்கிறது.

நான் பிரிக்காமல் வைத்திருந்த தேயிலைப் பொட்டலத்தை இன்று மாமி பிரித்துவிட்டார். மாமியின் மகன், என் கணவர், கப்பலோடு காணாமல் போவதற்கு முந்தைய லீவில் கொண்டுவந்தது. சீனாவில் யுன்னான் மலைக்காரக் கூட்டாளி ஒருவன் கொடுத்தானாம். அங்கே இந்தக் கறுப்புத் தேயிலையை அடுப்பில் வாட்டாமல் வெயிலிலேயே காயவைப்பார்களாம். "தீ படாத இலையாக்கும். உயிரோட கெடக்கும், வருசம் போகப் போக ருசி மாறும். நான் வந்த பெறவு குடிப்போம்" என்றார்.

ஈரம் ஏறியிருக்கும் என்று மாமி அதை மொட்டைமாடியில் கருவாட்டுக்குப் பக்கத்திலேயே காயப்போட்டிருக்கிறார். இலை அந்த வாடையை முழுக்க இழுத்துக்கொண்டது. எனக்கு அப்படியொரு கோபம். ஆனாலும் கொட்டிவிட மனம் வரவில்லை. சாயங்காலம் பால் விடாமல் போட்டுக் கொடுத்தேன்.

மாமி ஒரு மடக்கு குடித்துவிட்டு, டம்ளரை மூக்கருகே பிடித்தபடி அப்படியே இருந்தார்.

"கடல்லேருந்து வந்து நிக்கான் மக்கா. அவனுக்கும் ஒண்ணு ஊத்து."

ஊற்றினேன். மேசையில் மூடி வைத்திருக்கிறேன். மாமி தூங்கிவிட்டார். எனக்கு எழுந்துபோய் மூடியைத் திறக்கப் பயமாக இருக்கிறது. குறைந்திருந்தால் என்ன செய்வேன்? குறையாமல் அப்படியே இருந்தால்?