பன்னிரண்டு கூடாரக் கட்டுகள் இறங்கிய விதம்

அனுப்புநர்:
பி. செண்பகவல்லி,
கேடட், இரண்டாம் ஆண்டு பி.ஏ.,
மே/பா பிச்சைக்கனி அரிசி மண்டி,
சாலைக் கடைத்தெரு, திருவனந்தபுரம்.

பெறுநர்:
முகாம் தலைமை அதிகாரி,
தேசிய மாணவர் படை கோடைத் தலைமைப் பயிற்சி முகாம்,
திருவனந்தபுரம்.

பொருள்: ‘அணித்தலைவி ஒதுங்கி நின்றார், தலைமைப் பண்பு இல்லை’ என்ற மதிப்பீட்டுக் குறிப்பை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இல்லை, சுமக்கப் பயந்து ஒதுங்கவில்லை. ஒதுங்கச் சொன்னார்கள். சொன்னது யார் என்று பயிற்சியாளர் விசாரிக்கவில்லை. அதனால் இந்த மனு.

2. மே 14 காலை, எட்டுப் பேர் கொண்ட என் அணிக்குத் தரப்பட்ட பணி: வாசலில் நிற்கும் லாரியிலிருந்து பன்னிரண்டு கூடாரக் கட்டுகளை அரை மணி நேரத்தில் இறக்குவது.

3. நான் சாலைக் கடைத்தெருவில், மண்டியின் மாடியில் வளர்ந்தவள். அங்கே லாரி வந்தால் சுமைத் தொழிலாளர் சங்கத்திடம் முதலில் சொல்வோம். சொல்லாமல் சொந்த மூட்டையைக்கூட யாரும் தொடுவதில்லை. லாரியைக் கண்டதும் என் கால் தானாகத் தெருமுனைக்குப் போனது. சிந்தித்துச் செய்தேன் என்று எழுத ஆசை. சிந்திக்கவில்லை.

4. முனையில் இருந்த சங்கத்துக்காரர் மைதீனிடம் அனுமதிதான் கேட்டேன். உதவி கேட்கவில்லை. அவர் லாரியை எட்டிப் பார்த்தார். “பிள்ளேள் எல்லாம் மாறி நில்லு மோளே. இது எங்க பணி” என்று எங்களை ஒதுங்கச் சொன்னார். சங்கத்தார் ஆறு பேர் இறக்கினார்கள். பதினொரு நிமிடம். கூலி வேண்டாம், ஒரு சல்யூட் போதும் என்றார். அடித்தோம். பத்து நாள் முகாமில் என் அணி ஒரே சீராக அடித்த சல்யூட் அது ஒன்றுதான்.

5. பயிற்சியாளர் வந்தபோது கட்டுகள் வரிசையாக இருந்தன. நாங்களும். யார் சட்டையிலும் வியர்வை இல்லை. அவர் முதலில் கவனித்தது அதைத்தான்.

6. இந்தக் குறிப்பு இருக்கும்வரை ஜூலை மாத அதிகாரித் தேர்வுக்கு என் பெயர் போகாது. மண்டியில் நான் உட்காருவதற்கு அப்பா நாற்காலி வாங்கிவிட்டார். சுழலும் நாற்காலி.

எனவே குறிப்பை நீக்கித் தருமாறு வேண்டுகிறேன். இயலாதெனில், அதே கட்டுகளைத் திரும்ப ஏற்றிக் காட்ட என் அணிக்கு ஒரு வாய்ப்பு அளிக்கவும்.

இடம்: திருவனந்தபுரம்
நாள்: மே 19

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
பி. செண்பகவல்லி

குறிப்பு: மனுவோடு வந்தபோது தாங்கள் அறையில் இல்லை. கூடாரங்களைத் திரும்ப ஏற்ற லாரி வந்திருந்தது. மைதீனிடம் போய், இன்று எங்களுக்கு விட்டுத்தரக் கேட்டேன். சம்மதித்தார். எட்டுப் பேரும் ஏற்றினோம். இருபத்தாறு நிமிடம். சங்கத்தார் நின்று பார்த்தார்கள். முடிந்ததும் மைதீன் சல்யூட் அடித்தார். அதன் பிறகே மனுவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தங்கள் மேசையில் வைக்கிறேன். தாள் ஈரமாக இருப்பதைப் பொறுத்தருளவும்.