அப்பா பார்த்த வெளிச்சம்

இரும்புலியூர்,
12-12-1973.

அன்பு மகள் மெட்டில்டாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நீ போர்ட் பிளேரில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அப்பாவுக்கு இடது கண் போய்விட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை, வலது கண் இருக்கிறது, அந்தக் கண்ணைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நடுவில் வைத்துவிட்டு அழாமல் முழுவதையும் படி.

ஆகஸ்டில் ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்து கிணற்றடியில் கால் கழுவும்போது, வானத்தில் இடது பக்கம் ஒரு வெளிச்சம் வளைவாக மின்னி மறைகிறது என்றார். நான் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மறுநாளும் சொன்னார். அப்புறம் அவரே, ரூபி, கண்ணுலதான் ஏதோ கோளாறு போல இருக்கு, மெடிக்கல்ல தேறலேன்னா வண்டிய விட்டு இறக்கி ஆபீஸ்ல ஸ்டூல் போட்டு உட்கார வெச்சிடுவாங்க என்று பயந்தார். எலக்ட்ரிக் ரயில் ஓட்டுவதே உலகம் என்று இருக்கிறவர், உனக்குத் தெரியாதா. ஆனாலும் திங்கட்கிழமை ரெஸ்ட், எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒப்புக்கொண்டிருந்தார். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை உன் ஹில்டா அத்தை வந்தாள். அண்ணன் முகம் வாடியிருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், எனக்கும் பளிச்சுன்னு தெரியுதே அண்ணா என்று சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு வந்த நிம்மதியை நீ பார்த்திருக்க வேண்டும். அப்போ என் கண் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லி அன்று மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். எழும்பூர் பேச்சு அதோடு நின்றுபோனது.

பிறகு விஷயம் பரவி ஜெபக் கூட்டத்தார் ஒவ்வொருவராக வந்தார்கள். வால் நட்சத்திரம் வரப்போகிறது என்று பேப்பரில் வேறு போட்டிருந்தான், கேட்க வேண்டுமா. வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். தெரியவில்லை என்று சொன்னால் விசுவாசம் குறைவு என்று ஆகிவிடுமே. பக்கத்து வீட்டுத் துளசிங்கம் மட்டும் அண்ணாந்து பார்த்து, இன்னா சார், எனுக்கு ஒண்ணியும் தெரியலியே என்றார். அவர் நம் சபையா என்ன என்று விட்டுவிட்டார்கள். நானும் வாய் மூடி இருக்கவில்லை. கிழக்கே பார்த்து உட்கார்ந்தாலும் இடது பக்கம், மேற்கே பார்த்து உட்கார்ந்தாலும் இடது பக்கம் என்கிறாரே, அது எப்படி என்று கேட்டேன். இயேசு பிறந்தப்போ பெத்லகேமுக்குப் போன சாஸ்திரிகளுக்கும் நட்சத்திரம் நகர்ந்துதானே போயிற்று அம்மா என்று தனசிங் உபதேசியார் என் வாயை அடைத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று யாருக்கும் காபி கொடுக்கவில்லை.

அப்பா உனக்கு எழுதியிருந்ததற்கு அக்டோபர் கப்பலில் உன் பதில் வந்தது. கடலுக்கு மேலே நானும் அந்த வெளிச்சத்தைப் பார்த்தேன் அப்பா என்று எழுதியிருந்தாய். அதைக் கூட்டத்தில் வாசித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டியூட்டிக்கும் போனார். நவம்பரில் கண்ணில் கரித்தூள் பறக்கிற மாதிரி இருந்திருக்கிறது, அப்புறம் ஓரத்திலிருந்து கறுப்பாகத் திரை இறங்கியிருக்கிறது, ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் சாயங்காலம் குரோம்பேட்டையில் சிக்னலை நம்ப முடியாமல் வண்டியை எடுக்கவே இல்லை. நேராகக் கார்டிடம் போய், எனக்குக் கண் சரியில்லை, வேறு ஆளை வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை ஜனங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்கு ஸ்தோத்திரம்.

எழும்பூரில் ஆபரேஷன் செய்து, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து அசையாமல் படுக்க வைத்தார்கள். பலனில்லை. கண்ணுக்குள் இருக்கிற படலம் கிழியும்போதுதான் அப்படி வெளிச்சம் தெரியுமாம். வெளிச்சம் தெரிந்த உடனே வந்திருந்தால் ஒட்டியிருக்கலாமே என்று அந்த டாக்டரம்மா சொன்னபோது ஹில்டாவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வலது கண்ணிலும் ஓரிடம் மெலிந்திருக்கிறதாம், கிழிவதற்குள் அடைக்க வேண்டுமாம். அப்பா முடியாது என்கிறார். ஹில்டா காலைப் பிடித்து அழுது, நான் பார்க்கவே இல்லை அண்ணா என்று சொல்லிவிட்டாள். டாக்டர் பேச்சைக் கேட்டுப் பயந்துபோய்ச் சொல்கிறாள் என்கிறார் அப்பா. உபதேசியார் இந்தப் பக்கமே வருவதில்லை. என் கண்ணுதான் கெட்டதுன்னா மெட்டில்டா எப்படிப் பார்த்தா, அவ பொய் சொல்ல மாட்டா என்பதுதான் எல்லாருக்கும் அவர் சொல்கிற பதில்.

முந்தாநாளிலிருந்து வலது பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். என்ன என்றால் ஒன்றுமில்லை என்கிறார். 

உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை மகளே. அப்பா சந்தோஷப்படட்டும் என்று ஆசையாகத்தான் எழுதியிருப்பாய், அது எனக்குத் தெரியாதா. தந்தியில் இவ்வளவும் சொல்ல முடியாது என்றுதான் விமானத் தபாலில் அனுப்புகிறேன். நீ கப்பலுக்குக் காத்திருக்காதே. இதைப் படித்த கையோடு தபாலாபீசுக்குப் போய், நான் எதையும் பார்க்கவில்லை, பொய் எழுதினேன் என்று அப்பா பெயருக்குத் தந்தி கொடு. வார்த்தையைப் பூசி மெழுகாதே. இனி அப்பா உன்னை நம்பமாட்டார் என்று உனக்கு வேதனையாக இருக்கும். நம்பாவிட்டால் போகட்டும், நீ லீவில் வரும்போது உன் முகமாவது அவருக்குத் தெரியட்டும்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி, நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்னைக் காத்து நடத்துவாராக. தந்தியை மறந்துவிடாதே.

உனக்காக ஜெபிக்கும்
அம்மா