கண்ணை மட்டும் மறைத்த படம்

அன்புள்ள டாக்டர் தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். அடுப்பு எரிகிறது, ரொட்டி வேகிறது, உங்கள் அண்ணன் வழக்கம்போல என்னைத் திட்டிக்கொண்டே மாவில் உப்புப் போட மறக்கிறார். அங்கே நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிவிட்டு நீங்கள் பட்டினியா?

கூரியர் வந்து சேர்ந்தது. சம்மதப் படிவத்தில் அண்ணன் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறீர்கள். எங்களுக்கு எதற்குச் சிரமம் என்று தேதியைக்கூட நீங்களே எழுதிவிட்டீர்கள். அதுவும் போன வருஷத்துத் தேதி. என் படிப்பு அரைகுறைதான். ஆனாலும் வீட்டுச் சுவரில் காலண்டர் தொங்குகிறதே தம்பி.

போனில், "ஒரு கையெழுத்துதானே அண்ணி, அது இல்லேன்னா மெடிக்கல் பத்திரிகைக்காரங்க என் கட்டுரையையே நீக்கிடுவாங்க, பதவி உயர்வும் போயிடும்" என்றீர்கள். குரல் அழுகிற மாதிரி இருந்தது. அதனால்தான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். ஆனால் இங்கே நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நர்ஸ் படிக்கிற பெண் ஒருத்தி நம் கடைக்கு வருவாள். அன்றைக்கு ரொட்டி வாங்க வந்தவள் அண்ணனையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அங்கிள், இது நீங்கதானே? எங்களுக்குப் பாடத்துல காட்டினாங்க" என்று நீட்டினாள். அவருக்குக் கையிலும் கன்னத்திலும் தோல் உரிந்து திட்டுத் திட்டாக வந்தபோது, வைத்தியத்துக்கு வேண்டும் என்று நீங்கள் எடுத்த படம், இப்போது உங்கள் கட்டுரையில். கண்ணுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டை. ஏன் தம்பி, கண்ணை மறைத்தால் போதுமா? மாட்டுக் கொம்பு மாதிரி அந்த மீசையை இந்த வட்டாரத்தில் வேறு எவர் வைத்திருக்கிறார்?

"என்னைவிட இவன் அழகா இருக்கானே" என்று அவர் சிரித்தார். கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். சாயங்காலம் மீசையை எடுத்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் கெஞ்சியும் எடுக்காத மீசை.

ஒட்டுகிற நோய் இல்லை என்று நீங்கள் சொன்னதை எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தேன். தலையை நன்றாக ஆட்டுகிறார்கள். ஆட்டிவிட்டு, "நீங்களே எடுத்துக் குடுங்கக்கா" என்கிறார்கள். அடுப்புச் சூட்டில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார் மனுஷன். கடையின் முன்பக்கம் வருவதே இல்லை.

கட்டுரையில் என்னதான் இருக்கிறது என்று அந்தப் பெண்ணைப் படித்துச் சொல்லச் சொன்னேன். நோயாளியின் அலட்சியத்தால் வைத்தியம் தாமதமானது என்று இருக்கிறதாம். அவர் முதல் முறை கையைக் காட்டியபோது, "ஏதாவது களிம்பு தடவுண்ணே, அப்புறம் பாக்கலாம்" என்றது யார் தம்பி? அதைக் கேட்டும் அவர், "அவனுக்கு வேலை அதிகம்டி, மறந்திருப்பான்" என்கிறார். எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

அந்தப் பெண்ணின் டீச்சர்தான், இவரிடம் சம்மதம் வாங்கினீர்களா என்று பத்திரிகைக்கு எழுதிக் கேட்டாராம். அவர்மேல் கோபப்படாதீர்கள். நாங்கள் கேட்க வேண்டியதை அவர் கேட்டிருக்கிறார்.

உங்கள் மனசு எனக்குத் தெரியாதா? நம்ம அண்ணன்தானே, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். முன்பின் தெரியாத நோயாளி என்றால் முதல் வேலையாகப் படிவத்தை நீட்டியிருப்பீர்கள். கூடப் பிறந்ததால் அவருக்கு அந்த மரியாதைகூட இல்லாமல் போயிற்று.

இந்தப் படிவம் வந்ததும் பேனாவைத் தேடி எடுத்துவிட்டார். நான்தான் பிடுங்கி வைத்தேன். "அவன் பாவம்டி" என்று இரண்டு நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் கையெழுத்தில்லாமல்தான் திருப்பி அனுப்புகிறேன். அண்ணனைக் கேட்காமல் படத்தைப் போட்டுவிட்டேன் என்று பத்திரிகைக்கு உள்ளதை உள்ளபடி எழுதிவிடுங்கள். உயர்வு தள்ளிப் போனால் போகட்டும். உங்களை டாக்டர் தம்பி என்று வாய் நிறையக் கூப்பிட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாள் நேரில் வந்து உங்கள் அண்ணனிடம் கேளுங்கள். நீங்கள் கேட்டு அவர் இதுவரை எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. ஒரு தடவையாவது அப்படிச் சொல்ல அவருக்கு இடம் கொடுங்கள் தம்பி.

எங்கே இருந்தாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

பாசத்துடன்,
அண்ணி