தம்பி கொண்டுவந்த தீபாவளிப் புடவை

நவம்பர் 9, செவ்வாய்

கமலாவைக் காலையில் தீவிர சிகிச்சைக்கு மாற்றிவிட்டார்கள். அடைமழை. போய்ப் பார்க்க அனுமதி இல்லை, போன்தான்.

டாக்டர் நம் தமிழ்ப் பிள்ளைதான், சின்ன வயசு. "ஆன்டிபாடி ட்ரிப் காய்ச்சல் ஆரம்பிச்ச உடனே ஏத்தணும் அங்கிள். இப்ப லேட்."

எவ்வளவு ஆனாலும் கட்டுறேன் என்றேன்.

"காசு மேட்டர் இல்ல அங்கிள். கோவிட் கிருமி நுரையீரல்ல இறங்கிடுச்சு."

சிறுநீரகம் மாற்றிய உடம்பு. அதற்குச் சாப்பிடும் மாத்திரையால், தடுப்பூசி போட்டும் உள்ளே எதிர்ப்புச் சக்தி தயாராகவில்லை. வெளியே தயாரானதைத்தான் ஏற்ற வேண்டும். சரக்கு இருந்திருக்கிறது. நேரத்துக்குக் கேட்க ஆளில்லை.

தீபாவளியன்று காய்ச்சல். எண்ணெய் தேய்த்துக் குளித்த சளி என்று இருந்துவிட்டோம். அவள் வீட்டை விட்டு இறங்குவதில்லை. அந்த வாரம் வந்தவன் அவள் தம்பி, என்னோடு கடை பார்க்கும் சேகர் மட்டும், புடவையோடு. காய்ச்சல் வந்த அன்றே அவனிடம் டெஸ்ட் எடுத்தாயா என்று கேட்டேன். "நான் கிளியர் லா அத்தான்."

நவம்பர் 10, புதன்

கடைக்கு நெய் டின் லாரி வந்தது. இறக்கச் சொல்லத் தோன்றவில்லை.

வாங்க வேண்டியவை: சார்ஜர், அவளுக்குக் காலுறை, மல்லி.

ஜாலான் புசாரில் உள்ள எங்கள் கிடங்கில் சேகரை உட்காரவைத்துக் கேட்டேன். ஒத்துக்கொண்டான்.

"டெஸ்ட்ல ரெண்டாவது கோடு மங்கலாத்தான் இருந்துச்சு அத்தான். சொன்னா கடைய மூடணும். சீசன்."

"புடவைய யார்கிட்டயாவது குடுத்து விட்டிருக்கலாமேடா."

"தாய் வீட்டுப் புடவை. கையில குடுத்தாத்தானே மரியாதை."

முகக்கவசம் போட்டுத்தான் போனானாம். அக்காள் கழற்றச் சொல்லி முறுக்கு கொடுத்தாளாம். கூசாமல் சொல்கிறான். கொண்டுவந்ததைக்கூட விடலாம். கேட்டபோது சொல்லியிருந்தால் ட்ரிப் ஏறியிருக்கும்.

நவம்பர் 19, வெள்ளி

வெயில். கமலா வார்டுக்கு வந்துவிட்டாள். நுரையீரல் பழையபடி ஆகாது, வீட்டிலும் ஆக்ஸிஜன் மெஷின் வேண்டுமாம்.

வீடியோவில் மூக்கில் குழாய். முதல் கேள்வி: "தம்பி சாப்பிட்டானா?"

எல்லாம் சொன்னேன்.

"தெரியும்ங்க. புடவை குடுத்த மறுநாளே போன்ல இருமிக்கிட்டு இருந்தான்."

"ஏன் சொல்லல?"

"நீங்க அவனைக் கடைய விட்டுத் துரத்திடுவீங்க. வெறும் சளியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அக்காளும் தம்பியும் ஒளித்தது கிருமிக்குப் பயந்து இல்லை. எனக்குப் பயந்து.

நவம்பர் 22, திங்கள்

மருந்துப் பெட்டி வாங்கியாச்சு. மெஷின் நாளை செங்காங் வீட்டுக்கு வருகிறது. லிஃப்டில் ஏறுமா பார்க்க வேண்டும்.

சேகரோடு தொழிலைப் பிரித்துப் பேசி முடித்தது. கடை எனக்கு. கிடங்கு அவனுக்கு. அது கமலா கேட்டது. இன்னொன்றும் கேட்டாள்: வருஷா வருஷம் வரும் தாய் வீட்டுப் புடவை நிற்கக் கூடாது. சரி என்றேன். என் பக்கம் ஒன்றே ஒன்று. புடவையை வாசல் கிரில்லில் மாட்டிவிட்டுப் போய்விட வேண்டும். மணி அடிக்கக் கூடாது.